ஒன்பதாம் ஷரத்து

சீஃப் பக்கத்து ஓட்டலில் கையெழுத்தான மறுநாள்
நாளிதழின் நான்காம் பக்கத்தில்
இரண்டு கொடிகளும் ஒரே உயரத்தில் நின்றன.
பஹ்ரைன், மாலத்தீவு.
உலகப்படத்தில் அச்சகத்தான் துடைக்க மறந்த
இரண்டு மைப்பொட்டு.
ஒன்றைக் காட்ட விரலை வைக்க வேண்டும்,
பார்க்க விரலை எடுக்க வேண்டும்.

பதினேழு ஷரத்துகள்.
ஒன்பதாவதில்
மீனும் மீன்சார் பொருள்களும் சுங்கமின்றி
என்று இருந்தது.
அதுவரை படித்தவர்கள் நான்கு பேர் இருக்கலாம்.
நான்காவது ஆள் நான்,
ஹித் துறைமுகத்தில் கிளியரிங் குமாஸ்தா,
தூத்துக்குடி மச்சாது,
மாதம் இருநூற்றுப் பத்து தினார்.

முதல் சரக்கு, நாற்பது பெட்டி,
ஜூலையில் ஒரு வியாழக்கிழமை மதியம் வந்தது,
கிரேனின் நிழல்கூடச் சுடுகிற நேரம்.
சுங்க அதிகாரி பத்ரியா பெட்டியைக் கீறி
ஒன்றை எடுத்து மேசையில் தட்டினார்.
டொக்.
மறுபடி டொக்.
"மரம்" என்றார்.
"மரத்துக்கு ஐந்து சதவீதம்."

மாலேயிலிருந்து கூடவே வந்திருந்த
வர்த்தகத்துறை இல்ஹாம்
டை கழுத்தை அறுக்க மூன்றாம் முறையாகச் சொன்னார்:
"ஹிக்கிமஸ். மேடம், ஹிக்கிமஸ்."
கணினிக்கு அப்படியொரு பொருள் தெரியாது.
கைபேசியில் சூரை மீனின் படம் காட்டினார்.
பத்ரியா படத்தைப் பார்த்தார், கட்டையைப் பார்த்தார்,
இதற்கும் அதற்கும் என்ன உறவு என்பதுபோல்
என்னைப் பார்த்தார்.

என் மூக்குக்கு எப்போதோ தெரிந்துவிட்டது.
வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப்போன தோணி
திரும்புகாலில் அடித்தட்டில் போட்டுக் கொண்டுவருவது.
"மாசி" என்றேன்.

வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு
மீம், அலிஃப், ஸீன், யா
என்று தட்டினார்.
தட்டியவர் சிரித்துவிட்டார்.
"எங்கள் மொழியில் இது வைரம்."
வைரத்துக்கு வேறு மாடி, வேறு வரிசை,
இரண்டு துப்பாக்கிக் காவலர்.

வெந்து, புகைந்து, காய்ந்து
எத்தனையோ அடுப்பைத் தாண்டி வந்தது
மரமாகவும் வைரமாகவும் ஆகியும்
மீனாக மட்டும் ஆக முடியாமல்
மேசையில் கிடந்தது.

இல்ஹாம் நாற்காலியில் சரிந்தார்.
"முன்பெல்லாம் சோழியை அள்ளி அனுப்பினோம்.
அது காசாகவே செல்லும்.
யாரும் படிவம் கேட்டதில்லை."

பத்ரியா கீபோர்டிலிருந்து கையை எடுத்தார்.
"முஹர்ரக்கில் எங்கள் ஆட்கள் முத்துக் குளித்தார்கள்.
மூச்சை அவர்கள் பிடித்தார்கள்,
கணக்கை முதலாளி எழுதினான்.
படிவம் இல்லாமல் முங்கினவர்கள்
கடனோடுதான் கரையேறினார்கள்.
அதனால் படிவம்."

கொஞ்ச நேரம் ஏசி மட்டும் பேசியது.

பிறகு விதிப்படி இருநூறு கிராம் மாதிரி கேட்டார்.
கத்தி இறங்கவில்லை.
பேப்பர் வெயிட்டால் உடைத்தோம்,
மூன்று பேரும் மாறி மாறி.
உள்ளே இருண்ட சிவப்பு.
ஒரு சில்லு தெறித்து அவருடைய டீ சாஸரில் விழுந்தது.
விதியில் இதற்கு எதுவும் சொல்லவில்லை.
வாயில் போட்டு வெகுநேரம் ஊறவைத்தார்.
இழுப்பறையிலிருந்து
ஒரு பேரீச்சம்பழ டப்பா வெளியே வந்தது.
நாங்கள் கொட்டை துப்பிய காகிதத்தில்
இரண்டு நாட்டு முத்திரையும் இருந்ததை
அப்புறம்தான் கவனித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வகத்திலிருந்து ஒரு வரி வந்தது:
"மீன். உண்ணத்தக்கது."
பெட்டிகள் வெளியே போயின.
அதே கண்டெய்னரில் அலுமினியச் சட்டங்கள் ஏறின,
மாலேயில் ஏதோ பள்ளிக்கூடத்து ஜன்னலுக்கு.

மூன்று நாள் கிடந்ததற்குத் துறைமுகம்
பதினோரு தினார் தாமதக் கட்டணம் போட்டது.
பதினேழு ஷரத்திலும் தேடினேன்,
யார் கட்டுவதென்று இல்லை.
மனாமாவுக்கு நான் எழுதினேன்,
மாலேக்கு இல்ஹாம் எழுதினார்.
இருபுறமிருந்தும் மிக மரியாதையான பதில்கள்
இன்னும் வந்துகொண்டிருக்கின்றன,
பரஸ்பர நல்லெண்ணத்தைக் குறிப்பிட்டு.
ரசீது என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கிறது.

சட்டைப் பையோடு வந்த ஒரு துண்டை
யார் கணக்கிலும் சேர்க்கவில்லை.
வியாழன் ராத்திரியே
குதைபியா அறையில் ஆறு பேர்
தேங்காய்க்கு அலைந்தோம்.